இறங்கினாரா, இறக்கினார்களா

"அவரு எறங்கல மேடம். எறக்குனாங்க."

2016-ஆம் ஆண்டு கோடையில், சென்னையில் மறுகுடியமர்வுக்காகக் கட்டப்பட்ட ஒரு குடியிருப்பின் மாடி வீட்டில், ஒரு பெண் எனக்குச் சொன்ன திருத்தம் இது. "கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய இவருடைய கணவர்" என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அவர் அதைத் தலைகீழாகவே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். ஒரு பெருநிறுவனத்தின் சமூகப் பொறுப்பு அறிக்கைக்காகத் தையல் எந்திரம் பெறும் பெண்களின் 'வெற்றிக் கதை'களை எழுதித் தருவது அன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை. அவருடைய கதைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது நூற்றைம்பது சொற்களும் ஒரு படமும்.

"சரிங்கம்மா" என்று சொல்லி, 'இறங்கிய' என்பதை அடித்துவிட்டு 'இறக்கப்பட்ட' என்று எழுதினேன். அதையும் பார்த்தார். "யாரு எறக்குனதுன்னு போடுவீங்க இல்ல?" என்று கேட்டார். போடுவேன் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்த அவர் கணவரை ஒரு காண்ட்ராக்டர் அழைத்துப் போனான். அரை மணி நேர வேலை, அறுநூறு ரூபாய் என்றான். நாற்றம் தெரியாமல் இருக்கக் குடிக்க வாங்கிக் கொடுத்தான். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தொட்டி மூடியைத் திறந்து, இடுப்பில் கயிறுகூடக் கட்டாமல் உள்ளே இறக்கினான். இவ்வளவையும் அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அச்சாகி வந்த அறிக்கையில் அவருடைய கதை இப்படித் தொடங்கியது: "விஷவாயு தாக்கியதில் கணவரை இழந்த இவர், இன்று தன் சொந்தக் காலில் நிற்கிறார்."

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நான் மக்கள் தொடர்புத் துறையில் எழுதிப் பிழைக்கிறேன். சமூக நீதி பற்றிய கதைகளை நிறுவனங்களுக்காக எழுதுவதில் எது அறம், எது அறமில்லை என்று யாராவது என்னிடம் கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வாக்கியம்தான்.

தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை அந்த அம்மா எனக்கு வேறு விதமாகக் கற்றுக்கொடுத்தார். 'இறங்கினார்' என்பது தன்வினை. போனவரும் அவரே, போவதென்று முடிவெடுத்தவரும் அவரே என்ற எண்ணத்தை அந்தச் சொல் படிப்பவர் மனத்தில் சத்தமில்லாமல் வைத்துவிடுகிறது. ஙகர மெய் இருந்த இடத்தில் ககர மெய்யை வைத்தால் 'இறக்கினார்' என்று பிறவினையாகிவிடும். அப்போது இறக்கியவர் என்று ஒருவர் இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'இறக்கப்பட்டார்' என்று செயப்பாட்டு வினையில் எழுதினால், இறக்கியவர் எங்கோ இருக்கிறார் என்பதை ஒப்புக்கொண்டு, அவரை வெளியே அழைக்காமலே கடந்துவிடலாம். நான் அன்று எழுதியது அந்த வசதியான வடிவம். அச்சில் வந்ததோ அதையும் தாண்டி, வாயுவையே எழுவாயாக்கிவிட்டது. "விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி" என்ற தலைப்பை நாளிதழ்களில் எத்தனை முறை படித்திருப்போம்! தாக்கியது வாயு, பலியானது தொழிலாளி, இடையில் வேறு மனிதர் எவருமே இல்லை.

ஹைட்ரஜன் சல்ஃபைடு யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை. மூடிக்கிடக்கும் தொட்டிக்குள் கழிவு அழுகும்போது அது உண்டாகிறது. அளவு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் வரும். அளவு கூடியதும் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைத்து உள்ளே இருப்பவர் இன்னும் ஒரு படி கீழே கால் வைப்பார். அவர் மயங்கி விழுந்ததும் தூக்கிவிட இன்னொருவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவது இப்படித்தான். இவையெல்லாம் நெடுங்காலமாகத் தெரிந்த செய்திகள். தெரிந்த ஆபத்துக்குள் ஒரு மனிதரை அனுப்பியவர் இருக்கும்போது, குற்றத்தை வாயுவின் தலையில் கட்டுவது பொய் சொல்வதற்குச் சமம் என்றே நான் இன்று கருதுகிறேன். சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தும் வாக்கியம் பொய்யாகிவிடுகிறது.

சட்டத்தின் மொழி இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணிக்கு அமர்த்துவதைத் தடைசெய்து, அப்பணியிலிருந்தோரின் மறுவாழ்வுக்கும் வழிசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த முகமையும் பாதுகாப்புக் கருவிகள் இன்றிக் கழிவுநீர்க் குழாயையோ தொட்டியையோ சுத்தம் செய்ய ஒருவரை நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. அங்கே எழுவாய், வேலைக்கு வைப்பவர். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தூய்மைப் பணியாளர்களின் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 20 அன்று அதே நீதிமன்றம் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நான் அந்த வீட்டுக்குப் போனபோது முதல் தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அம்மாவின் மனு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கள் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தையல் எந்திரம் அன்பளிப்பு; நஷ்டஈடு உரிமை. அன்பளிப்பைப் பற்றி எழுத எனக்குக் கூலி கொடுக்கப்பட்டது, உரிமையைப் பற்றி எழுதக் கொடுக்கப்படவில்லை. அதைக் கேட்டு வாங்கும் அளவுக்கு எனக்கு அப்போது துணிவும் இல்லை.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நாங்கள் வருவது தெரிந்து அவர் பக்கத்து வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அக்கா மகன் கல்யாணத்துக்கு எடுத்த நீலப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்திருந்தார். புகைப்படக்காரர் உள்ளே வந்ததும் நாற்காலிகளை வெளியே எடுத்து வைத்தார், சுவரில் மாட்டியிருந்த கணவரின் படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார், வேறு சேலை இருக்கிறதா என்று கேட்கும்படி என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். "நல்லதா கட்டிக்கினு இருந்தா ஆவாதா மேடம்?" என்றார் அந்த அம்மா. அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு உள்ளே போய், வெளுத்துப்போன ஒரு வாயில் சேலையைக் கட்டிக்கொண்டு, பூவையும் எடுத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். எட்டாவது படிக்கும் அவருடைய மகள் கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது யோசித்தால், அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் அவரிடமிருந்து அவர் தன்னைக் காட்ட விரும்பிய தோற்றத்தை வாங்கிக்கொண்டு, எங்களுக்குத் தேவையான தோற்றத்தைக் கொடுத்தோம். விருந்தாளி வருகிறார் என்று வீட்டை ஒழுங்குபடுத்திய ஒரு பெண்ணாக அவர் எங்கள் முன் நின்றார். படத்தில் உள்ளவரோ நாற்காலிகூட இல்லாத வீட்டில், கணவன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து உதவுவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பவர். எந்திரம் கிடைத்த 'பிறகு' எடுக்கும் படத்துக்கு நல்ல சேலையை வைத்துக்கொள்ளச் சொன்னோம். முன்னும் பின்னும் வேறுபட்டுத் தெரிந்தால்தான் நிறுவனம் செய்த உதவி கண்ணுக்குத் தெரியும். அந்த இரண்டு படங்களுக்கும் இடையே எவ்வளவு நாள் என்று நினைக்கிறீர்கள்? ஒரே பிற்பகல். எந்திரம் கீழே வண்டியில் இருந்தது.

படம் எடுப்பதற்கு முன்பே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. ஆங்கிலத்தில் அடித்த ஒரு பக்கம்: உலகின் எந்தப் பகுதியிலும், எந்த ஊடகத்திலும், காலவரையின்றி, திரும்பப் பெற முடியாத வகையில் படத்தையும் பெயரையும் பயன்படுத்திக்கொள்ள நான் சம்மதிக்கிறேன் என்பது அதன் சாரம். நான் அதைத் தமிழில் "போட்டோ எடுத்துப் போட ஒத்துக்கிறீங்கன்னு ஒரு கையெழுத்து" என்று மொழிபெயர்த்தேன். எந்திரம் கீழே வண்டியில் காத்திருக்கும்போது எந்தத் தாய் மாட்டேன் என்பார்? சம்மதம் என்று நாங்கள் கோப்பில் வைத்துக்கொண்டது சம்மதமே இல்லை. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டும் சட்டமாக வருவதற்கு முன்பே எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டியவை.

இந்தக் கதைகளுக்கு இவ்வளவு தேவை எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட்டு, அதை ஆண்டுதோறும் இயக்குநர் குழு அறிக்கையில் காட்ட வேண்டும். பணம் போன இடத்தை எண்களில் காட்டினால் சட்டத்துக்குப் போதும். ஆனால் எண்களை யாரும் பகிர்வதில்லை, முகங்களைத்தான் பகிர்வார்கள் என்று எங்கள் தொழில் நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. முகங்களுக்குப் பஞ்சமில்லாத நாடு இது.

அந்தப் படம் அறிக்கையோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு கண்காட்சியில் ஆளுயரப் பதாகையாக நின்றது, பிறகு சமூக ஊடகங்களில் ஒரு தினத்துக்கான வாழ்த்துப் படமாகப் போனது, அதன் கீழே கணவர் செய்த வேலையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த வேலையின் பெயரைச் சொன்னால் இந்த நாட்டில் சாதியைச் சொன்னதாகத்தான் பொருள். 2021-இன் இறுதியில் ஒருநாள் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. கதவருகில் நின்ற அந்த மகள்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் யாரோ அந்தப் படத்தைத் தேடியெடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார்கள். "அக்கா, எங்கப்பா செத்தது எனக்கு அசிங்கம் இல்ல. எங்கம்மா அப்படி உக்காந்திருக்கறதுதான் தாங்கல. அவங்க அப்படி உக்கார்றவங்களே கிடையாது" என்றாள். அவள் அழவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட முடியுமா என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

எடுப்பதற்கு ஏழு மாதங்கள் ஆயின. அறிக்கையைத் தயாரித்த குழுவில் இருந்த ஒருவரும் அந்த நிறுவனத்தில் அப்போது இல்லை. இருந்தவர்கள் திரும்பப் பெற முடியாத சம்மதம் கோப்பில் இருக்கிறது என்று எனக்கே காட்டினார்கள். அதில் சாட்சி என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து.

எங்கள் தொழிலின் தொடக்கத்திலிருந்தே இந்த எழுவாய் மறைப்பு கூடவே வருகிறது. மக்கள் தொடர்பு வகுப்புகளில் முதலில் சொல்லித்தரப்படும் பெயர்களில் ஒன்று ஐவி லீ. 1906-இல் அவர் நாளிதழ்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார்: எங்கள் வேலை ஒளிவுமறைவற்றது, நாங்கள் தருவது துல்லியமான தகவல், சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு உதவுவோம் என்றது அது. எட்டே ஆண்டுகளில், 1914 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்காவின் கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் இறந்தார்கள். சுரங்க நிறுவனம் ராக்ஃபெல்லர் குடும்பத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்களுக்காக லீ வெளியிட்ட துண்டறிக்கைகளில், தொழிற்சங்கத் தலைவர்களின் ஓராண்டு ஊதியம் ஒன்பது வாரத்துக்கானதாகக் காட்டப்பட்டிருந்தது. நிறுவனங்கள் தந்த தகவலைச் சரிபார்க்க நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று விசாரணை ஆணையம் கேட்டபோது, எதுவும் எடுக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம், நூற்றைம்பது சொற்களுக்காக நான் எத்தனை தகவல்களைச் சரிபார்த்தேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எங்கள் தொழிலின் இன்னொரு முன்னோடியான எட்வர்டு பெர்னேஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஊர்வலத்தின் நடுவே இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்தார்கள். அவை 'விடுதலையின் தீப்பந்தங்கள்' என்று நாளிதழ்கள் எழுதின. பொது இடத்தில் ஆண் புகைக்கலாம், பெண் புகைத்தால் இழிவு என்ற பாகுபாடு அன்று உண்மையாகவே இருந்தது, அதை எதிர்த்த பெண்களின் கோபமும் உண்மை. ஏற்பாடு செய்தவர் பெர்னேஸ் என்பதும், அவருக்குப் பணம் கொடுத்தது லக்கி ஸ்டிரைக் சிகரெட் விற்ற அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் என்பதும் மட்டும் அந்தக் கதையில் இல்லை. ஒரு நியாயமான கோபத்தை இரவல் வாங்கி, அதன் மேல் வியாபாரத்தை ஏற்றி அனுப்பும் வழியை அந்த ஊர்வலம் எங்களுக்கு வகுத்துக் கொடுத்தது.

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியாதபடி 2017-இல் பெல் பாட்டிங்கர் வந்தது. லண்டனின் பெரிய மக்கள் தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான அது, தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக 2016 முதல் மாதம் 1 லட்சம் பவுண்டு கட்டணத்தில் வேலை செய்தது. அரசியல் செல்வாக்கைக் கொண்டு அரசு ஒப்பந்தங்களை வளைத்ததாகக் குப்தாக்கள் மீது குற்றச்சாட்டுகள் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் பரப்பப்பட்ட பிரச்சாரம், வெள்ளையர்களின் பொருளாதார ஏகபோகம்தான் நாட்டின் எதிரி என்றது. நிறவெறி ஆட்சி முடிந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலமும் செல்வமும் யார் கையில் இருந்தன என்று கேட்பது தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியை, தன் வாடிக்கையாளரின் மேல் விழுந்த வெளிச்சத்தைத் திருப்ப ஒரு நிறுவனம் பயன்படுத்திக்கொண்டதுதான் அங்கே நடந்த களவு. தென்னாப்பிரிக்க எதிர்க்கட்சி ஒன்றின் புகாரின் பேரில் பிரிட்டனின் மக்கள் தொடர்புச் சங்கம் விசாரித்து, 2017 செப்டம்பரில் பெல் பாட்டிங்கரைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு வெளியேற்றியது. அடுத்த சில நாட்களில் நிறுவனமே திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. நியூயார்க்கிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பேசப்பட்ட அநீதி உண்மையானது. பேச வைத்தவர் யார் என்பதை மறைத்ததால் அந்த உண்மைக்கே சேதம் வந்தது. அடுத்த முறை ஓர் ஏழை அதே கேள்வியைக் கேட்டால், உனக்கு யார் காசு கொடுத்தது என்று கேட்க எல்லோருக்கும் வழி கிடைத்துவிட்டது.

சொல்லை மாற்றிச் சாவை மறைப்பது நிறுவனங்களின் தனிச்சொத்து இல்லை. கையால் மலம் அள்ளியதால் இறந்ததாக யாரும் பதிவாகவில்லை என்று 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் பதிலளித்தது. சட்டத்தில் மலம் அள்ளுதலுக்கு ஒரு வரையறையும், கழிவுநீர்த் தொட்டியின் 'அபாயகரமான சுத்தம்' என்பதற்கு வேறொரு வரையறையும் இருப்பதால், தொட்டிச் சாவுகள் முதல் கணக்கில் வராது. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் தரப்பட்ட இரண்டாவது கணக்கின்படி 1993 முதல் தொட்டிகளிலும் குழாய்களிலும் இறந்தவர்கள் 941 பேர். அதில் 213 பேர் தமிழ்நாட்டில், எல்லா மாநிலங்களையும்விட அதிகம். கொரோனாக் காலத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டும் காலில் பூத்தூவியும் எடுக்கப்பட்ட படங்கள் நம் எல்லோருடைய கைபேசிகளுக்கும் வந்தன. போட்டவர்களில் பலர் மனமாரப் போட்டார்கள் என்று நம்புகிறேன். மாலை போட்டவரின் பெயர் படத்தின் கீழே இருந்தது; அந்தப் பணியாளரை நாள்கூலிக்கு வைத்திருந்த ஒப்பந்த நிறுவனத்தின் பெயரை நான் ஒரு படத்திலும் பார்க்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே பேசும்போது வாக்கியம் எப்படி அமைகிறது என்பதற்கு 2015 டிசம்பர் முதல் 2016 ஏப்ரல் 13 வரை 125 நாட்கள் நாடு முழுவதும் சென்ற பீம் யாத்திரை ஒரு சான்று. பெசவாடா வில்சன் தலைமையிலான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் நடத்திய அந்தப் பயணத்தின் முழக்கம் "எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்பது. விஷவாயுவைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'பலி', 'இழப்பு', 'துயரச் சம்பவம்' என்று நாங்கள் மெழுகி வைத்திருந்த அத்தனையையும் அந்த ஒரு வரி துடைத்துவிட்டு, கொல்பவர் எதிரில் நிற்கிறார் என்று சொன்னது. நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனதும் அதே ஆண்டுதான். முழக்கம் என் காதில் விழுந்திருந்தது. அதற்கும் என் நூற்றைம்பது சொற்களுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குப் படவில்லை.

மகளின் அழைப்புக்குப் பிறகு என் வேலை முறையை மாற்றிக்கொண்டேன். யாருடைய கதையை எழுதினாலும், அச்சுக்குப் போகும் இறுதி வடிவத்தை அவருக்குத் தமிழில் முழுதாக வாசித்துக் காட்டுகிறேன். அவர் வேண்டாம் என்ற வரி போகாது. ஒப்புதல் படிவத்தில் ஈராண்டுக் கெடு உண்டு, அதற்கு முன்பும் ஒரு தொலைபேசி அழைப்பில் திரும்பப் பெறலாம். உதவி கொடுக்கும் நாளில் படம் எடுப்பதில்லை. எந்திரமோ உதவித்தொகையோ போய்ச் சேர்ந்து ஒரு மாதமாவது ஆன பிறகுதான் பேசப் போகிறேன், மாட்டேன் என்று சொன்னால் எதுவும் பறிபோகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய கூலியை அவருக்குக் கொடுக்கிறோம். கூலி கொடுத்தால் கதையின் நேர்மை கெடும் என்று சக ஊழியர் ஒருவர் வாதிட்டார். புகைப்படக்காரருக்கும் எனக்கும் வாகன ஓட்டிக்கும் அந்த நாளுக்குக் கூலி உண்டு. வேலையை விட்டுவிட்டு வந்து தன் வாழ்க்கையைச் சொல்பவருக்கு மட்டும் கூடாது என்பதில் எந்த நேர்மையையும் நான் காணவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, முதல் சந்திப்பிலேயே வாடிக்கையாளர் நிறுவனத்திடம் நான் கேட்கும் ஒரு கேள்வி. உங்கள் வளாகத்துக் கழிவுநீர்த் தொட்டியை யார் சுத்தம் செய்கிறார்கள், எந்த எந்திரத்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? கூலி பற்றிய கதையென்றால் உங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கூலி எவ்வளவு? தன் வாசலில் நடப்பதைச் சொல்லாத ஒரு நிறுவனம் ஊரில் நடப்பதைப் பற்றிக் கதை சொன்னால், அதுவும் எழுவாய் மறைத்த வாக்கியம்தான். இந்தக் கேள்வியால் இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின. ஒரு தொழிற்சாலையில் மட்டும் நிர்வாக மேலாளர் அன்று மாலையே ஒப்பந்தத்தைத் தேடியெடுத்துப் படித்துவிட்டு, அதில் எந்திரம் என்ற சொல்லே இல்லை என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்; அடுத்த மாதம் அதை மாற்றினார்கள். அந்த மாற்றத்தை நான் செய்தியாக எழுதித் தரவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

செய்தவரின் பெயரை எப்போதும் எழுதிவிடுவதுதான் அறம் என்று நான் சொல்ல வரவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கலாம், நஷ்டஈட்டுக் கோப்பு யாரோ ஒருவரின் மேசையில் இருக்கலாம், அந்தக் காண்ட்ராக்டர் அதே தெருவில் வசிக்கலாம். பெயரை எழுதிவிட்டு நான் என் வீட்டுக்கு வந்துவிடுவேன், இரவில் கதவு தட்டப்படுவது அவர்கள் வீட்டில். ஆகவே பெயர் வேண்டுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். பெயரில்லாமலும் வாக்கியத்தை நேராக எழுத முடியும்: "ஒரு காண்ட்ராக்டர் பாதுகாப்புக் கருவி எதுவும் கொடுக்காமல் அவரைத் தொட்டிக்குள் இறக்கினான்." சட்ட ஆலோசகர்கள் இந்த வாக்கியத்தில் திருத்தம் சொல்வார்கள். மீண்டும் செயப்பாட்டு வினைக்குக் கொண்டுபோகப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நின்று வாதாடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தக் கட்டுரையை வெளியிடுவதற்கு முன் அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். மகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பின்னால் தையல் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நான் தொடங்கியதும் நின்றது. இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார்கள். குடியிருப்பின் பெயரை எழுதியிருந்தேன், அதை மகள் எடுக்கச் சொன்னாள். மற்றது அந்த அம்மாவின் திருத்தம். காண்ட்ராக்டர் அழைத்துப் போனார், வாங்கிக் கொடுத்தார், இறக்கினார் என்று நான் வழக்கம்போல மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன்.

"அவனுக்கு எதுக்கு மேடம் 'ஆரு'?" என்றார். "'ஆன்'னு போடுங்க."

மாற்றிவிட்டேன்.